புளிப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களும் நம் கிணற்று நீரும்

பால் புளித்தால் நஷ்டம். மாவு புளித்தால் இட்லி. காலையில் பால் சங்கத்தின் வாசலில் தம் பால் திரிந்ததென்று திருப்பியனுப்பப்படக் கண்டு மனம் நொந்த அங்கத்தினரே, அன்றிரவு வீட்டில் காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் ஊற்றி, அது நன்றாகப் புளிக்க வேண்டுமென்று மூடி வைக்கிறார். இரண்டிடத்திலும் வேலை செய்பவை பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே. அவை எங்கே, எவருடைய மேற்பார்வையில், எவ்வளவு நேரம் வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்தே லாபமும் நஷ்டமும் அமைகின்றன.

திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளியிலும் வாழும் நம் சங்க அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் அடுப்பங்கரையோடு நின்றுவிடுவதன்று. மாட்டுத் தீவனத்திலும், சாயத் தொட்டியிலும், தோல் பதனிடும் தொழிலிலும், அத்தொழிலால் உப்பேறிப்போன கிணறுகளைச் சீர்படுத்தும் முயற்சியிலும் புளிப்பைத் தாங்கும் நுண்ணுயிர்களுக்கு இடம் இருக்கிறது. அவற்றால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், இக்காலத்தில் நுண்ணுயிர் என்ற சொல்லை ஒட்டிய புட்டிகள் பல ஊர்தோறும் விலைபோகின்றன. ஒன்றே சர்வரோக நிவாரணி என்றும் சொல்லப்படுகின்றது.

முதலில் புளிப்பு என்பதைப் பற்றிச் சிறிது கூறுவோம். விஞ்ஞானிகள் இதனைப் பி.எச். என்னும் அளவினால் குறிப்பர். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, மிகும். மேலே ஏற ஏறக் காரத்தன்மை மிகும். ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு பெருகிற்று என்பது பொருள். கறந்த பாலின் அளவு ஏறக்குறைய 6.6; நன்கு உறைந்த தயிரின் அளவு 4.5 அளவில் நிற்கும். உணவில் கொடிய நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற கிருமி 4.6-க்குக் கீழ் வளர மாட்டாது. ஊறுகாய் கெடாதிருப்பதன் இரகசியம் உப்பில் பாதி, இதில் பாதி.

மற்ற உயிர்கள் மடியும் புளிப்பில் இவை மட்டும் எவ்வாறு வாழ்கின்றன? இவற்றின் உடலுக்குள்ளும் அமிலம் கசிந்து புகத்தான் செய்கிறது. ஓட்டைப் படகில் செல்பவன் நீரை அள்ளி வெளியே கொட்டிக்கொண்டே இருப்பது போல, இவை உள்ளே புகும் அமிலத்தை இடைவிடாது வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அதற்கு வேண்டிய சக்தியை உணவிலிருந்து பெறுகின்றன. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடும் இனம் ஒன்று. கந்தகத்தைத் தின்று கந்தக அமிலத்தையே வெளியிடும் இனம் மற்றொன்று. முன்னது நம் வீட்டுப் பானையில் இருக்கிறது. பின்னதைப் பற்றித் தோல் தொழிலைக் கூறுமிடத்தில் சொல்லுவோம்.

வீட்டுப் பானையில்

இட்லி மாவைப் பொங்கச் செய்வது லியூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் என்று 1965-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்து வெளியிட்டனர். அது அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே ஒட்டியிருக்கிறது. ஈஸ்ட் எதனையும் நாம் கடையில் வாங்கிச் சேர்ப்பதில்லை. இரவு நீரூற்றி வைத்த சோறு காலையில் இலேசாகப் புளித்திருப்பதும் இக்குடும்பத்தாரின் வேலையே. உழவுக்குச் செல்பவரும் தறியில் அமர்பவரும் காலையில் உண்ட பழைய சோற்றை ஏழைகளின் உணவு என்று இகழ்ந்த காலம் போய், அதனை ஆராய்ச்சிச் சாலைகளில் சோதிக்கும் காலம் வந்திருக்கிறது. நல்லதே. ஆயினும் பானையும் நீரும் சுத்தமாக இல்லாவிடில், புளிப்பு ஏறுவதற்கு முன்பே வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். ருசியாகப் புளித்தது வேறு, வீச்சமடித்து ஊசிப்போனது வேறு. அவ்வேறுபாட்டை நம் தாய்மார்கள் மூக்கினாலேயே அறிவர்.

ருஷிய விஞ்ஞானி மெச்னிகாஃப், 1908-இல் நோபல் பரிசு பெற்றவர், பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் தயிரினால் நீண்ட ஆயுள் பெறுகின்றனர் என்று எழுதினார். ஆயுளைப் பற்றிய அவர் கூற்று மிகைப்பட்டதே என்பது நம் அபிப்பிராயம். ஆனால் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் உடல் நலத்துக்குத் துணை செய்கின்றன என்ற அவருடைய அடிப்படைக் கருத்து வீண்போகவில்லை. நம் நாட்டிலேயே அதற்கு வலிய சான்று ஒன்று கிடைத்திருக்கிறது.

ஒடிசா மாநிலத்துக் கிராமங்களில் பிறந்த 4,500-க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. ஒரு பகுதிக் குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் லாக்டோபேசில்லஸ் இனத்து நுண்ணுயிர் ஒன்று, அது உண்டு வளர்வதற்கான ஒருவகைச் சர்க்கரையுடன், ஏழு நாட்கள் கொடுக்கப்பட்டது; மறு பகுதியினருக்கு வெறும் மாற்றுப் பொடி கொடுக்கப்பட்டது. இரத்தத்தில் நச்சுக்கிருமி பரவி நோயுற்றோ இறந்தோ போன குழந்தைகள் மறு பகுதியில் நூற்றுக்கு 9. நுண்ணுயிர் பெற்ற பகுதியில் நூற்றுக்கு 5.4. இம்முடிவு 2017-இல் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று. வயிற்றின் அமிலத்தைத் தாண்டிக் குடலில் சென்று தங்கவல்ல இனம் எது என்று தேர்ந்தெடுப்பதற்கே ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டு உழைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இதனைப் படித்துவிட்டு எவரேனும் பச்சிளங்குழந்தைக்கு வீட்டு மோரைப் புகட்டத் துணிந்தால் அது பெரும் பிழையாகும். மருத்துவர் மேற்பார்வையில், அளவறிந்து தயாரித்த மருந்து அது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்.

பால் சங்கத்தின் செய்தியையும் இங்கேயே சொல்லி முடித்துவிடுவோம். கறந்த பாலில் இந்நுண்ணுயிர்கள் சிறிதளவேனும் இருக்கும். நம் ஊர் வெயிலில் அவை சில மணி நேரத்தில் பல்கிப் பெருகும். பாலை விரைவாக 4 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் ஏறக்குறைய உறங்கிவிடும். ஆதலின் பாத்திரத்தைக் கொதிநீரில் அலசுவதும், கறந்த பாலை நேரத்தோடு சங்கத்தில் சேர்ப்பதும், சங்கம் அதனைக் குளிர்கலத்தில் சேர்ப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒருவருடைய கழுவாத தூக்குப் பாத்திரம் கலத்திலுள்ள அனைவருடைய பாலையும் திரிக்கும். கூட்டுறவில் பொறுப்பும் கூட்டாகவே இருக்கிறது.

கோடைக்கு ஒரு குழி

திண்டுக்கல் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழையே உயிர். அது பொய்த்தால் தை பிறக்கும்போதே புல் காய்ந்துவிடும். 2016-இல் அம்மழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஆண்டில் தீவனமின்றி மாட்டை விற்பவர் அடிமாட்டு விலைக்கு விற்கிறார். மழை பெய்தபின் திரும்ப வாங்குகையில் கடன் வாங்குகிறார். பால் சங்கத்தின் கொள்முதலும், கடன் சங்கத்தின் வசூலும் இவ்வொரு காரணத்தால் சேர்ந்தே வீழ்வதைக் கணக்கேடுகளில் நாம் காண்கிறோம்.

இதற்குப் புளிப்புத் தரும் நுண்ணுயிர்களே கைகொடுக்கக்கூடும். பசுந்தீவனத்தை வெட்டிக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால், அதிலுள்ள சர்க்கரையை லாக்டிக் நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். 4 அளவுக்கு இறங்கியதும் அழுகச் செய்யும் கிருமிகள் ஓய்ந்துவிடும். தீவனம் மாதக்கணக்கில் கெடாது. கால்நடைத் துறையினர் இதனை ஊறுகாய்ப்புல் என்பர். சைலேஜ் என்ற பெயரும் பரவியுள்ளது. பின்லாந்து நாட்டு விர்த்தானென் என்பவர் தீவனத்தின் மீது அமிலத்தைத் தாமே ஊற்றி 4-க்குக் கீழ் இறக்கிக் காக்கும் முறையைக் கண்டு, வேளாண்மை ரசாயனத்தில் செய்த ஆராய்ச்சிகளுக்காக 1945-இல் நோபல் பரிசு பெற்றார். கடுங்குளிர் நாட்டில் அவர் விலைகொடுத்து ஊற்றிய அமிலத்தை, வெப்ப நாட்டிலுள்ள நமக்கு நுண்ணுயிர்கள் கூலியின்றித் தயாரித்துத் தருகின்றன.

மக்காச்சோளம் இதற்கு மிகச் சிறந்தது. அதில் சர்க்கரை போதிய அளவு உண்டு. நம் மாவட்டத்திலோ மக்காச்சோளம் பரவலாகப் பயிராகிறது. கதிர் பால் பிடித்து மாவாகத் திரளும் பருவத்தில் அறுக்க வேண்டும். நூற்றுக்கு 65 முதல் 70 பங்கு ஈரம் இருத்தல் நலம். கையில் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் நீர் சொட்டலாகாது. விட்டவுடன் உதிர்ந்தும் போகலாகாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தார்ப்பாய் அல்லது பாலிதீன் விரித்த குழியில் அரையடி அரையடியாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் மிதித்தும் இடித்தும் காற்றை வெளியேற்ற வேண்டும். கம்பு நேப்பியர் போன்ற புல்லாயின் சர்க்கரை குறைவாதலால், நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளிப்பது வழக்கம். மேலே குவித்து மூடி, மழைநீர் இறங்காதவாறு மண் போட்டுப் பூச வேண்டும். நாற்பத்தைந்து நாட்களில் எடுக்கலாம். திறக்காதவரை ஓராண்டும் கெடாது.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ என்றால், மூன்று மாதக் கோடைக்கு 1,800 கிலோ வேண்டும். நன்கு மிதித்த குழியில் கன மீட்டருக்கு 550 கிலோ அளவில் கொள்ளும். ஆகவே இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குழி ஒரு மாட்டுக்குத் தாராளமாய்ப் போதும். குழி தோண்டுவது கடினமன்று. ஒரே நாளில் நறுக்கி, மிதித்து, மூடி முடிப்பதே கடினம். மூன்று நாள் இழுத்தடித்தால் காற்றில் கிடந்த அடுக்கு சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். தட்டை நறுக்கும் இயந்திரத்தைத் தனியொருவர் வாங்குவது வீண்செலவு. பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் வாங்கி, முறை வைத்து ஒருவர் குழியை மற்றவர் அனைவரும் வந்து ஒரே நாளில் நிரப்பிக் கொடுப்பதே சிக்கனம். நாற்று நடவுக்கு ஒருவருக்கொருவர் கைமாற்றாக ஆள் விடும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாய், பழவாசனையோடு இனிய புளிப்பு வீசும். கறுத்துப் பிசுபிசுத்துத் துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுதியானதால் வேறு கிருமிகள் வென்றுவிட்டன என்று அறிக. பூஞ்சணம் பிடித்ததைச் சினை மாட்டுக்குக் காட்டவே கூடாது. குழியைத் திறந்தபின் நாள்தோறும் வெட்டு முகம் முழுவதிலிருந்தும் ஒரு சாண் அளவு எடுத்து மீண்டும் மூட வேண்டும். பால் கறந்தபின் கொடுப்பது நலம். முன்னரே கொடுத்தால் பாலில் வாசனை ஏறும். ஆழமான குழியை மூடிய முதற் சில வாரங்களில் நச்சு வாயு தங்கியிருக்கும். அதனுள் எவரும் தனியே இறங்கலாகாது.

சாயத் தொட்டியும் ஆவாரம்பட்டையும்

நெசவாளர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். இறக்குமதிச் சாயங்கள் வருமுன் கறுப்பு நிறம் தந்ததே இப்புளிப்புத்தான். துருப்பிடித்த பழைய இரும்பையும் வெல்லத்தையும் நீரிலிட்டுப் பல நாட்கள் ஊறவைத்தால், வெல்லம் முதலில் கள்ளாகவும் பின்னர் காடியாகவும் புளிக்கும். அக்காடி இரும்பைக் கரைக்கும். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில் அக்கரைசல் பட்டவுடன் அழுத்தமான கறுப்பு ஏறும். இன்றும் கலம்காரி ஓவியத் துணிகளுக்கு இம்முறையே கையாளப்படுகிறது. சின்னாளபட்டியிலும் பிற நெசவூர்களிலும் இப்போது புழங்கும் ரசாயனச் சாயங்களின் கழிவுநீர் வேறு பிரச்சினை; அதனை இங்கே கலக்கவில்லை.

கடுக்காயைச் சொல்லும்போதே தோல் தொழில் நினைவுக்கு வருகிறது. அத்தொழிலுக்கும் கடுக்காய் தேவைப்பட்டது. தோல் ஷாப்பு என்று ஊரார் சொல்லும் பதனிடும் ஆலைகள் திண்டுக்கல்லைச் சுற்றிப் பல தலைமுறைகளாக இருந்து வருகின்றன. பழைய முறையில் தரிசுகளில் விளையும் ஆவாரம்பட்டையே பதனிடும் சரக்கு. பட்டையிலுள்ள சிறிதளவு சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் தொட்டி நீரைப் புளிக்க வைக்கும். அப்புளித்த பழைய நீரில் தோலை முதலில் ஊறவிட்டால், தோலில் எஞ்சிய சுண்ணாம்பு நீங்கி, பட்டைச் சாறு உட்புகத் தோல் இளகிக் கொடுக்கும். ஒரு தோலுக்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. பின்னர் வந்த குரோமிய உப்பு முறையில் அவ்வேலை ஓரிரு நாட்களில் முடிந்தது. பதனிடாத தோலையும் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை 1970-களில் அரசு கட்டுப்படுத்தி, முழுப் பதனிடுதலை ஊக்குவித்ததும் குரோமிய முறை பரவ ஒரு காரணம். அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் பெருகின என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் தோலைக் காக்க ஏற்றிய உப்பும், கந்தக அமிலத்தோடு மீண்டும் சேர்த்த உப்பும், தோல் உறிஞ்சாமல் மிஞ்சிய குரோமியமும் கழிவுநீரில் வெளியேறின. கொடகனாற்றுப் படுகையின் மேற்பகுதி பெரும்பாலும் கடும்பாறை நிலம். பாறை இடுக்குகளிலும் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும்தான் நிலத்தடி நீர் தங்கும். அவ்விடுக்கில் ஒருமுறை புகுந்த உப்பு எளிதில் வெளியேறாது. ஆலைகளை அடுத்த கிணறுகளில் உப்பு மிகுந்திருப்பதை ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் அளந்து வெளியிட்டுள்ளனர். தென்னை வாடிய தோப்புகளையும், உவர்ப்பினால் கைவிட்ட கிணறுகளையும் அங்கத்தினர் பலர் கண்ணாலேயே கண்டிருப்பர்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களிலுள்ள தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலோ தனி நிலையத்திலோ கழிவுநீரைச் சுத்தப்படுத்தாத ஆலை இயங்கலாகாது என்றும் ஆணையிட்டது.

சுத்திகரிப்பு நிலையம் என்பது என்ன? பெரும் பகுதி வேலை அங்கும் நுண்ணுயிர்களுடையதே. தோலிலிருந்து கரைந்த கொழுப்பையும் புரதத்தையும் அவை தின்று தீர்க்கின்றன, நாற்றம் குறைகிறது. குரோமியம் அடியிற் படியும் சேற்றோடு சேர்ந்துவிடுகிறது. ஆனால் சமையல் உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. இதனை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நுண்ணுயிர்க் கரைசலைக் கிணற்றில் ஊற்றினால் உவர்ப்பு நீங்கும் என்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். உப்பை நீக்க நுண்சவ்வு வடிப்பும், ஆவியாக்கும் இயந்திரமும் வேண்டும். அவற்றால் பிரிந்த உப்பையும் எங்கேனும் பத்திரமாக வைக்க வேண்டும்.

கந்தகத்தைத் தின்னும் உயிர்

சுத்திகரிப்பு நிலையத்தில் படியும் சேறுதான் இப்போது எஞ்சும் கேள்வி. அதில் குரோமியம் உண்டு. இங்கேதான் புளிப்பைத் தாங்குபவர்களில் தலைசிறந்த உயிர் நுழைகிறது.

அமெரிக்காவின் நியூஜெர்சியில் லிப்மன் என்ற மண்ணியல் அறிஞரும் அவர் தோழர்களும், கந்தகத்தையும் பாஸ்பேட் பாறைத் தூளையும் மண்ணோடு கலந்து குவித்து வைத்தால் பாறை கரைந்து உரமாகிறது என்று 1916 அளவில் கண்டனர். அதனைச் செய்யும் நுண்ணுயிரை வாக்ஸ்மனும் ஜாஃபியும் 1922-இல் விவரித்துத் தயோபேசில்லஸ் தயோஆக்ஸிடன்ஸ் என்று பெயரிட்டனர். இப்போது அதன் பெயர் அசிடிதயோபேசில்லஸ். கந்தகமே அதன் ஆகாரம். பி.எச். 2-க்குக் கீழும் அது சுகமாய் வாழும். அதன் இனத்தைச் சேர்ந்த, இரும்பையும் உண்ணும் உயிர் ஒன்று நிலக்கரிச் சுரங்கத்தின் புளித்த நீரிலிருந்து 1947-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பல நாடுகளில் தாழ்ந்த தரமுள்ள தாதுக் குவியலிலிருந்து செம்பைக் கரைத்தெடுக்க இவ்வினத்தாரே பயன்படுகின்றனர்.

செம்பைக் கரைக்கும் புளிப்பு குரோமியத்தையும் கரைக்கும். தோல் ஆலைச் சேற்றை ஒரு தொட்டியிலிட்டு, கந்தகத் தூளும் இந்நுண்ணுயிரும் சேர்த்துக் காற்றூட்டினால், சில நாட்களில் சேறு கடும் புளிப்பாகிக் குரோமியத்தின் பெரும் பகுதி நீரில் இறங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சிச் சாலைகளில் பலமுறை காட்டப்பட்டுள்ளது. பின்னர் நீரைப் பிரித்து அதில் காரம் சேர்த்தால் குரோமியம் மீண்டும் திரண்டு படியும். அதனை எடுத்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் தோல் பதனிடவே திரும்பவும் உபயோகிக்கலாம்.

கேட்க இனிதாயிருப்பினும் இதனை உடனே கைக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கந்தகத்துக்கும் காற்றூட்டவும் செலவு உண்டு. தொட்டிகள் அமிலத்தைத் தாங்க வேண்டும். மிஞ்சும் சேற்றையும் நடுநிலைக்குக் கொணர வேண்டும். குரோமியம் சேற்றில் கலந்தபின் அதனைத் துரத்திப் பிடிப்பதைவிட, பதனிட்ட தொட்டியிலிருந்து வெளியேறும் மிச்ச நீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனியே பிடித்து, மக்னீசியம் ஆக்ஸைடு சேர்த்து அங்கேயே மீட்பது எளிது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளனர். மீட்ட குரோமியம் விலையுள்ள சரக்கு. நுண்ணுயிர் முறை ஏற்கெனவே குவிந்து கிடக்கும் சேற்றுக்கு ஏற்றது. நாள்தோறும் வெளிவரும் கழிவுக்கு மீட்பு முறையே ஏற்றது என்பது நம் முடிபு.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. மூடிய தொட்டியில் நன்மை செய்யும் இதே புளிப்பு, திறந்த வெளியில் கேடு செய்யும். குரோமியச் சேறு காரத்தன்மையோடு இருக்கும்வரை உலோகம் பெரிதும் அசையாது கிடக்கும். வெட்டவெளியில் கொட்டிய சேற்றின்மேல் மழை பெய்து, அதிலுள்ள கந்தகப் பொருள்களைக் கந்தக நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கினால் சேறு மெல்லப் புளிக்கும்; உலோகம் கரைந்து கீழே இறங்க வழி ஏற்படும். ஆகையால் தோல் ஆலைச் சேற்றை எரு என்று எவர் கொடுத்தாலும், இலவசமாயினும், வயலில் இடலாகாது. பள்ளம் தூர்க்கவும் உபயோகிக்கலாகாது. அதன் இடம், கசிவைத் தடுக்கும் அடித்தளமுள்ள காப்பான கிடங்கே. சேற்றை எரித்தாலும் ஆபத்தே. வெப்பத்தில் குரோமியம் ஆறிணை வடிவமாக மாறக்கூடும். அவ்வடிவம் மூச்சில் கலந்தால் நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கவல்லது.

வயலில் கந்தகம் இடலாமா என்று விவசாய அன்பர்கள் கேட்பதுண்டு. சுண்ணாம்பு மிகுந்த களர் நிலத்தில், இதே நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக்கி, அது சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிக் களரைத் தணிக்கும்; ஈரமும் சில வார அவகாசமும் வேண்டும். நம் பகுதியில் செம்மண் மிகுதி. இயல்பிலேயே புளிப்புச் சார்ந்த செம்மண்ணில் கந்தகம் இட்டால் கேடே விளையும். மண் பரிசோதனையில் பி.எச். எண்ணைப் பாராமல் ஒரு பிடியும் இடாதிருத்தல் நன்று. தோல் ஆலை நீரால் உப்பேறிய நிலத்துக்குக் கந்தகமும் பயன்படாது, வெறும் ஜிப்சமும் பயன்படாது. நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கழுவி வடிகாலில் இறக்க வேண்டும். நல்ல நீர்தான் அங்கே அரிது. குளங்களைத் தூர்வாரி மழைநீரை அப்பகுதியில் தேக்குவதைத் தவிர வேறு மருந்து நமக்குத் தோன்றவில்லை.

எந்தக் கிணறு எந்நிலையில் உள்ளது என்பதை அறிய நாவின் ருசியை நம்புவது போதாது. குரோமியத்துக்கு ருசி கிடையாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மிகலாகாது. கரைந்த உப்பு மொத்தம் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடில் மட்டும் 2,000 வரை பொறுக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு புட்டி நீரைக் கொண்டு செல்வதைவிட, சங்க எல்லைக்குள் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, சித்திரையில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் அதே கிணறுகளிலேயே நீரெடுத்துச் சங்கச் செலவில் சோதித்து, எண்களை ஒரே பதிவேட்டில் எழுதி வைத்தால், உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா, எத்திசையில் நகர்கிறது என்பது மூன்று நான்கு ஆண்டுகளில் தெரிந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ மனுச் செய்கையில் அப்பதிவேட்டின் நகலை இணைக்கலாம். குரோமியத்துக்கென நீரெடுக்கும் புட்டியை ஆய்வகத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும்; உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிவிடாதிருக்க அதில் சில துளி அமிலம் சேர்ப்பது அவர்கள் வழக்கம். இறைக்கும் கிணறாயின் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய நீர் போனபின் பிடிக்க வேண்டும்.